சேலத்தில் நுழைந்து தென்துருவத்தில் வெளியேறும் துகள்: எக்ஸெல்லில் ஒரு சிமுலேஷன்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. படம் பார்த்தாயிற்று, பாட்டுக் கேட்டாயிற்று, கல்யாணப் பத்திரிகை டைப் செய்து பார்த்தாயிற்று. அடுத்து என்ன செய்வது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: எக்ஸெல்லைத் திறங்கள். மளிகைக் கணக்குப் போடத்தான் எக்ஸெல் என்று நினைத்து அதை மூலையில் ஒதுக்கி வைத்திருப்பவர்கள் அதிகம். இந்த மாதம் அதே எக்ஸெல்லில், விண்வெளியில் இருந்து வரும் ஒரு துகளை பூமிக்குள் அனுப்பி மறுபக்கம் எடுக்கப் போகிறோம். புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் கால்க் புரோகிராமிலும் செய்யலாம்.

இந்தப் பாடம் உருவானது என் பெரியப்பா வீட்டில். அவர் திருச்செங்கோடு பக்கம். ரிக் வண்டியில் போர் போடப் போய் வாழ்நாளில் பாதியை வடநாட்டில் கழித்தவர். என் தங்கை, அதாவது அவர் மகள், பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்காக வாங்கிய கம்ப்யூட்டரை செட் செய்து கொடுக்கப் போயிருந்தேன். வேலை முடிந்து காபி குடிக்கும்போது பெரியப்பா கேட்டார்.

"ஏங்கண்ணு, தேனிப் பக்கம் மலையக் குடைய வேண்டாம்னு போராட்டம் பண்ணுனாங்களே, நியூட்ரினோவோ என்னமோ. அது நம்மூருக்கெல்லாம் வருமா?"

"இப்பவே வந்துட்டுத்தானுங்க பெரியப்பா இருக்குது. உங்க மேலயும் என் மேலயும் போயிட்டிருக்குது. ஒண்ணும் ஆகாதுங்க."

"அதுல நீ கணக்குப் போட்டுப் பாத்தியா, இல்ல எங்கியோ படிச்சதச் சொல்றியா?"

நான் படித்ததைத்தான் சொன்னேன். இன்ஜினியரிங் படித்து ஏழெட்டு வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன், பெரியவர் கேட்ட ஒரு கேள்விக்கு "ஒண்ணும் ஆகாது" என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. புது கம்ப்யூட்டர் எதிரிலேயே இருந்தது. உட்கார்ந்தோம்.

நியூட்ரினோ என்பது யார்?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூட்ரினோ மின்சாரச் சுமை இல்லாத, மிக மிக எடை குறைந்த அடிப்படைத் துகள். அது எதனோடும் எளிதில் மோதாது. சூரியனில் இருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும் உங்கள் விரல் நகம் அளவு இடத்தில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்து போகின்றன. ராத்திரியில் சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதும் இதே கணக்குத்தான். அப்போது அவை தரை வழியாக, கட்டிலுக்கு அடியில் இருந்து வருகின்றன!

நம் நாட்டுக்கு இந்தத் துறையில் பழைய சொந்தம் உண்டு. காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை பூமிக்கு அடியில் முதன்முதலில் பதிவு செய்த இரண்டு இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். ஆண்டு 1965. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சுமார் 2.3 கிலோ மீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தன. மற்ற இடம் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கம். எதற்கு அவ்வளவு ஆழம்? வானத்தில் இருந்து வரும் மற்ற துகள்களை பாறை வடிகட்டிவிடும். நியூட்ரினோ மட்டும் வந்து சேரும்.

ஆனால் எல்லா நியூட்ரினோவும் ஒன்றல்ல. ஆற்றல் ஏற ஏற அது மோதும் வாய்ப்பும் ஏறுகிறது. தொலைதூர விண்மீன் மண்டலங்களில் இருந்து வரும் அதிக ஆற்றல் நியூட்ரினோவுக்கு பூமி கண்ணாடி இல்லை, பனிமூட்டம். சில வெளியே வரும், சில உள்ளேயே முடிந்துவிடும். எத்தனை வரும், எத்தனை முடியும் என்பதுதான் நம் சிமுலேஷன்.

ஆற்றலை அளக்கும் அலகு எலக்ட்ரான் வோல்ட். உங்கள் ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் என்று போட்டிருக்கிறதே, அதே டெராதான் இங்கும்: லட்சம் கோடி. ஆயிரம் டெரா சேர்ந்தால் ஒரு பெட்டா.

சேலத்தில் இருந்து எங்கே?

பூமியின் தென்துருவத்தில் ஐஸ்கியூப் என்ற கருவி இருக்கிறது. ஒரு கன கிலோ மீட்டர் பனிக்கட்டிக்குள், 1,450 முதல் 2,450 மீட்டர் ஆழத்தில், 86 கம்பி வடங்களில் 5,160 ஒளி உணரிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 2010 டிசம்பரில் கட்டி முடித்தார்கள். நியூட்ரினோ பனியில் மோதினால் மெல்லிய நீல ஒளி வரும், அதை இந்த உணரிகள் பிடிக்கும். பெட்டா எலக்ட்ரான் வோல்ட் அளவுள்ள இரண்டு நியூட்ரினோக்களைப் பிடித்த செய்தி 2013-ல் வெளியானது.

நம் துகள் சேலத்தில் தரைக்குள் நுழைந்து ஐஸ்கியூப்புக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலத்து வானத்தில், ஏற்காடு மலை இருக்கும் வடக்குப் பக்கமாக, உச்சியில் இருந்து சுமார் 39 டிகிரி சாய்ந்து அது வர வேண்டும். பூமிக்குள் எவ்வளவு தூரம் போகும்? இது பள்ளிக்கூட வடிவியல்தான், வட்டத்தின் நாண். பூமியின் விட்டம் 12,742 கிலோ மீட்டர். சேலம் 11.65 டிகிரி வடக்கில் இருக்கிறது. தென்துருவம் 90 டிகிரி தெற்கு. இரண்டையும் கூட்டினால் 101.65 டிகிரி. ஏதாவது ஒரு செல்லில் இதை டைப் செய்யுங்கள்:

=12742*சின்(ரேடியன்ஸ்(101.65/2))

இதழில் தமிழில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். சின் என்பது எஸ், ஐ, என் என்ற மூன்று எழுத்து. ரேடியன்ஸ் என்பது டிகிரியை எக்ஸெல்லுக்குப் புரியும் கோண அளவாக மாற்றும் ஃபங்ஷன். என்டர் தட்டினால் 9,878 என்று வரும். 9,880 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் வேறு என்றால் அந்த ஊரின் அட்சரேகையை 90-உடன் கூட்டி 101.65-க்குப் பதிலாகப் போடுங்கள். நாமக்கல்லுக்கு 101.22.

இந்தப் பாதை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்றும் பார்க்கலாம்:

=6371-6371*காஸ்(ரேடியன்ஸ்(101.65/2))

விடை சுமார் 2,346 கிலோ மீட்டர். பெரியப்பா இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஆயிரம் அடி போர் போட்டு, தண்ணீர் வராமல் வெறும் புகை மட்டும் வந்த தோட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தவர். ஆயிரம் அடியைப் போல ஏழாயிரத்து எழுநூறு மடங்கு ஆழம்! "அடியில பாறை எப்படி இருக்கும்?" என்று கேட்டார். ரிக்காரர் கேட்கும் கேள்விதான். ஆனால் இந்தக் கணக்கின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நான் செய்த தப்பு

பூமியின் சராசரி அடர்த்தி 5.5. அதாவது அதே கனஅளவுத் தண்ணீரைப் போல ஐந்தரை மடங்கு எடை. பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் யோசிக்காமல் 9,880-ஐ 5.5-ஆல் பெருக்கினேன். 54,340 வந்தது. அதாவது சேலத்தில் இருந்து தென்துருவத்துக்குப் போகும் பாறைப் பாதை, 54,340 கிலோ மீட்டர் தண்ணீருக்குச் சமம் என்று ஆகிறது. (நியூட்ரினோவுக்கு தூரம் முக்கியமில்லை, வழியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதுதான் முக்கியம். அதனால்தான் எல்லாவற்றையும் தண்ணீர்க் கணக்குக்கு மாற்றிக்கொள்கிறோம்.)

சிமுலேஷனையும் ஓட்டி, ஆயிரத்தில் 404 நியூட்ரினோ தப்பித்தது என்று பெருமையாகக் காட்டினேன். தங்கை ஒரு கேள்வி கேட்டாள்: "அண்ணா, அந்த 5.5-ல நடுவுல இருக்கற இரும்பும் சேர்ந்திருக்குமே. நம்ம பாதை நடுவுக்கே போகலையே?"

சரியான அடி! பூமியின் மையத்தில் இரும்பாலான உட்கரு இருக்கிறது. அது தொடங்குவது 2,890 கிலோ மீட்டர் ஆழத்தில். நம் பாதை 2,346-லேயே திரும்பிவிடுகிறது. உட்கருவைத் தொடவே இல்லை. தொடாத இரும்பை நான் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

பூமியின் எந்த ஆழத்தில் என்ன அடர்த்தி என்பதற்கு 1981-ல் ட்ஸீவோன்ஸ்கி, ஆண்டர்சன் என்ற இரண்டு அறிஞர்கள் கொடுத்த அட்டவணை இருக்கிறது. பிரெம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நிலநடுக்க அலைகளை வைத்துப் போட்ட அட்டவணை அது. இன்றும் பெரிய சிமுலேஷன் புரோகிராம்கள் அதைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அதைப் பார்த்து நம் பாதையை இரண்டு துண்டாகப் பிரித்தோம். மேல் மேன்டில் பகுதியில் இரு முனையிலும் சேர்த்து 1,800 கிலோ மீட்டர், அடர்த்தி சுமார் 3.6. கீழ் மேன்டிலில் 8,080 கிலோ மீட்டர், அடர்த்தி சுமார் 5. பெருக்கிக் கூட்டினால் 46,880. நாம் 47,000 என்று வைத்துக்கொள்ளலாம்.

54,340 எங்கே, 47,000 எங்கே! அந்த 5.5 என்ற எண்ணில் தப்பே இல்லை. அதைத் தப்பான இடத்தில் போட்டதுதான் தப்பு. அலுவலகத்தில் நான் பார்க்கும் பிழைகளில் பாதி இந்த ரகம்தான்.

இதில் ஒரு வேடிக்கையையும் கண்டுபிடித்தோம். ஐஸ்கியூப்புக்குப் போகும் பாதை, சுமார் 24 டிகிரி வடக்குக்கு மேலே உள்ள ஊர்களில் இருந்து கிளம்பினால்தான் உட்கருவைத் தொடும். டெல்லி 28.6 டிகிரி. ஆகவே டெல்லியில் நுழையும் நியூட்ரினோ இரும்பை உரசிக்கொண்டு போகும், சேலத்தில் நுழைவது பாறையோடு போய்விடும்.

டோல்கேட் கணக்கு

இப்போது மோதும் வாய்ப்பு. 100 டெரா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரினோ ஒன்று, சராசரியாக 60,000 கிலோ மீட்டர் தண்ணீரைக் கடந்த பிறகுதான் ஒருமுறை மோதும். சராசரி என்ற வார்த்தையைக் கவனியுங்கள். 60,000 வரை பத்திரமாகப் போய் அங்கே மோதும் என்று அர்த்தம் இல்லை.

நாமக்கல்லில் இருந்து முட்டை லோடு ஏற்றிக்கொண்டு ஆயிரம் லாரிகள் கிளம்புகின்றன. வழியில் 47 டோல்கேட். ஒவ்வொரு கேட்டிலும் அறுபதில் ஒரு வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிடுகிறார்கள். எந்த வண்டி என்பது அதிர்ஷ்டம். முதல் கேட்டிலேயே மாட்டும் வண்டியும் உண்டு, 47-ஐயும் தாண்டும் வண்டியும் உண்டு. ஒரு கேட் என்பது ஆயிரம் கிலோ மீட்டர் தண்ணீர். லாரி என்பது நியூட்ரினோ. அவ்வளவுதான் சிமுலேஷன்.

அதிர்ஷ்டத்தைக் கம்ப்யூட்டர் எப்படி உண்டாக்கும்? எக்ஸெல்லில் ராண்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஆர், ஏ, என், டி என்ற நான்கு எழுத்து. அது ஒவ்வொரு முறையும் 0-க்கும் 1-க்கும் இடையே ஏதோ ஒரு எண்ணைத் தரும். தாயக்கட்டை உருட்டுவது மாதிரி. இப்படி உருட்டி உருட்டி விடை காணும் முறைக்கு மான்டி கார்லோ என்று பெயர், சூதாட்டத்துக்குப் பேர் போன ஊரின் பெயர்.

ஒவ்வொரு லாரிக்கும் 47 முறை உருட்டலாம். முதலில் அப்படித்தான் செய்தேன். 47 காலம், ஆயிரம் வரிசை. ஷீட்டை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்ப்பதற்குள் அலுத்துவிட்டது. இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. ஒரே முறை உருட்டி, வந்த எண்ணின் மடக்கையை எடுத்து, சராசரித் தூரத்தால் பெருக்கினால், இந்த நியூட்ரினோ எவ்வளவு தூரம் போய் மோதும் என்ற எண் நேராகக் கிடைத்துவிடும். 1-க்குக் குறைந்த எண்ணின் மடக்கை மைனஸில் வரும் என்பதால் முன்னால் ஒரு மைனஸ் போட்டுக்கொள்ள வேண்டும்.

செய்து பாருங்கள்

புது ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து, ஏ1 செல்லில் 60000 என்று டைப் செய்யுங்கள். இது சராசரித் தூரம். ஏ2-ல் 47000. இது சேலத்துப் பாதை. நடுவில் கமா போட வேண்டாம்.

சி1 செல்லில்:

=-$ஏ$1*எல்என்(ராண்ட்())

டி1 செல்லில்:

=இஃப்(சி1>$ஏ$2,1,0)

எல்என் என்பது எல், என் என்ற இரண்டு எழுத்து, மடக்கைக்கான ஃபங்ஷன். இஃப் என்பது ஐ, எஃப். மோதும் தூரம் பாதையை விட அதிகமாக இருந்தால், நியூட்ரினோ தப்பித்து வெளியே வந்துவிட்டது, 1 போடு. இல்லாவிட்டால் 0 போடு. இதுதான் அதன் அர்த்தம்.

இப்போது ஆயிரம் வரிசைக்கு இதைக் காப்பி செய்ய வேண்டும். மவுஸால் இழுத்துக்கொண்டே போனால் கை வலிக்கும். ஷீட்டின் இடது மேல் மூலையில், நீங்கள் இருக்கும் செல்லின் பெயரைக் காட்டும் சின்ன கட்டம் இருக்கிறது அல்லவா, அதற்கு நேம் பாக்ஸ் என்று பெயர். அதில் சி1:டி1000 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். அவ்வளவு செல்களும் செலக்ட் ஆகிவிடும். பிறகு கன்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்துங்கள். மேல் வரிசை ஃபார்முலா கீழே வரை நிரம்பிவிடும். இந்தச் சுருக்கு வழி மளிகைக் கணக்குக்கும் உதவும்.

கடைசியாக ஏ3 செல்லில்:

=சம்(டி1:டி1000)

சம் என்பது எஸ், யு, எம், கூட்டல் ஃபங்ஷன். ஆயிரத்தில் எத்தனை தப்பித்தன என்பது ஏ3-ல் தெரியும்.

டாலர் குறியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தங்கை முதலில் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டாள். டாலர் இல்லாவிட்டால், காப்பி செய்யும்போது செல் முகவரியும் கூடவே கீழே இறங்கிவிடும். இரண்டாவது வரிசை ஏ1-க்குப் பதில் ஏ2-ஐப் பார்க்கும். மூன்றாவது வரிசை ஏ3-ஐப் பார்க்கும். ஏ3-ஓ மொத்தக் கூட்டல், அது இந்த வரிசையையே நம்பி இருக்கிறது. நீ சொல், நான் சொல்கிறேன் என்று இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். ஃபார்முலா வட்டமடிக்கிறது என்று எக்ஸெல் எச்சரிக்கை காட்டும். கால்க்கில் 522 என்ற எண்ணோடு பிழை வரும். அப்படி வந்தால் பயப்படாமல் டாலரைப் போட்டு மறுபடி காப்பி செய்யுங்கள்.

சரியாகச் செய்திருந்தால் ஏ3-ல் 457-ஐ ஒட்டி ஒரு எண் இருக்கும். எஃப்9 கீயைத் தட்டுங்கள். எண் மாறும். மறுபடி தட்டுங்கள், மறுபடி மாறும். பெரும்பாலும் 425-க்கும் 490-க்கும் நடுவில் ஆடும். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் ஆயிரம் புது நியூட்ரினோக்களை அனுப்புகிறது.

இந்த ஆட்டத்தைப் பார்த்து விடை தப்பு என்று நினைக்க வேண்டாம். உண்மையான கருவியிலும் எண் இப்படித்தான் ஆடும். ஆட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் நியூட்ரினோவை அதிகமாக்க வேண்டும். நூறு மடங்கு அதிகமாக்கினால் ஆட்டம் விகிதத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும். நூறே நூறு நியூட்ரினோவை மட்டும் அனுப்பியிருந்தால் என் 5.5 தப்பால் வரும் வித்தியாசம் 40-க்கும் 46-க்கும்தான். அது ஆட்டத்திலேயே கரைந்து, இரண்டையும் பிரித்தே பார்த்திருக்க முடியாது.

இனி ஏ1-ஐ மாற்றிப் பாருங்கள். தோராயமான சராசரித் தூரங்கள், தண்ணீர்க் கணக்கில்:

1 டெரா: 20,00,000 கி.மீ.
10 டெரா: 2,60,000 கி.மீ.
100 டெரா: 60,000 கி.மீ.
1 பெட்டா: 18,000 கி.மீ.
10 பெட்டா: 6,600 கி.மீ.

1 டெராவில் ஆயிரத்தில் 977 வரை தப்பிக்கும். 10 டெராவில் 835. ஒரு பெட்டாவில் 73-ஐ ஒட்டி. 10 பெட்டாவில் பல முறை தட்டினாலும் 0, சில முறை 1, எப்போதாவது 2. பூமி என்னும் கதவு மெல்ல மெல்லச் சாத்திக்கொள்வதை உங்கள் மானிட்டரிலேயே பார்க்கலாம்.

அந்தக் கதவின் மறுபக்கம்

இதைத் தலைகீழாகத் திருப்பியும் பார்க்கலாம். எத்தனை வந்தன என்று எண்ணிப் பார்த்து, மோதும் வாய்ப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம். ஐஸ்கியூப் குழு 2017-ல் இதைத்தான் செய்தது. பூமி வழியாக வந்த 10,784 நியூட்ரினோ பதிவுகளை ஆற்றல் வாரியாகவும் கோணம் வாரியாகவும் பிரித்து, நீண்ட பாதையில் எத்தனை குறைந்தன என்று பார்த்தது. கோட்பாடு சொன்ன அளவைப் போல 1.3 மடங்கு என்று விடை வந்தது. பிழை எல்லையைச் சேர்த்துப் பார்த்தால் கோட்பாட்டுக்கு ஒத்துப்போகும் விடைதான். அடுத்த ஆண்டு ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஐஸ்கியூப்பின் பதிவுகளை வைத்து பூமியையே எடை போட்டுப் பார்த்தார்கள்.

2017 செப்டம்பர் 22-ல் ஐஸ்கியூப்பில் பதிவான சுமார் 290 டெரா நியூட்ரினோ, ஏறக்குறைய 400 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் திசையில் இருந்து வந்தது. அது அடிவானத்துக்கு ஆறு டிகிரிக்கும் குறைவான கோணத்தில், பூமிக்குள் சுமார் 1,270 கிலோ மீட்டர்தான் கடந்திருந்தது. இத்தாலியின் சிசிலித் தீவுக்கு அருகே கடலுக்கடியில் இருக்கும் கேஎம்3நெட் கருவி 2023 பிப்ரவரி 13-ல் பதிவு செய்தது இன்னும் பெரியது, சுமார் 220 பெட்டா. அதுவும் ஏறக்குறைய கிடைமட்டமாகத்தான் வந்தது. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அந்த ஆற்றலில் சேலத்துப் பாதையில் போனால் பிழைத்து வராது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. அன்டார்டிகா வானில் பலூனில் பறந்த அனிட்டா என்ற கருவி, 2006-லும் 2014-லும் கிளம்பிய பயணங்களில் இரண்டு விசித்திரமான சிக்னல்களைப் பிடித்தது. தரைக்குள் இருந்து சாய்வாக மேலே வந்தது போன்ற, பெட்டாவையும் தாண்டிய பெரிய ஆற்றல். நம் ஷீட்டே அது நடக்காது என்று சொல்லிவிடும். ஆனால் நம் ஷீட் ஒரு விஷயத்தை விட்டுவிட்டது.

நியூட்ரினோ மோதினால் கதை முடிந்தது என்று நாம் வைத்துக்கொண்டோம். உண்மையில் பத்தில் மூன்று மோதல்களில் அது நியூட்ரினோவாகவே, கொஞ்சம் ஆற்றலை இழந்து தொடர்ந்து போகும். டவ் என்ற வகை நியூட்ரினோ மோதினால் டவ் துகளாக மாறும். அது ஒரு பெட்டா ஆற்றலில் சுமார் 50 மீட்டர் மட்டும் ஓடிச் சிதைந்து, மறுபடி டவ் நியூட்ரினோவைத் தரும். ஓரம் கட்டிய லாரியில் இருந்து சரக்கை இறக்கி சின்ன வண்டியில் ஏற்றி அனுப்புவது மாதிரி. டவ்ரன்னர் என்ற இலவச பைத்தான் புரோகிராம் இதையெல்லாம் ஒவ்வொரு படியாகக் கணக்கிடுகிறது. அனிட்டா சிக்னல்கள் தூரத்தில் இருந்து வந்த நியூட்ரினோக்கள் என்றால், வழியில் இப்படி ஆற்றல் குறைந்த நியூட்ரினோக்கள் ஏராளமாக வெளிவந்து ஐஸ்கியூப்பில் விழுந்திருக்க வேண்டும். 2020-ல் ஐஸ்கியூப் குழு தேடிப் பார்த்தது, இல்லை. அந்த சிக்னல்கள் என்ன என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை.

பெரியப்பாவின் கேள்வி

திரும்ப அவரிடம் வந்தோம். ஏ2-ல் 47000-ஐ அழித்துவிட்டு 0.0017 என்று போட்டேன். அதாவது 1.7 மீட்டர், தலையில் இருந்து கால் வரை ஒரு ஆள், ஏறக்குறைய தண்ணீருக்குச் சமம். ஏ1-ல் மிக ஆபத்தானதாகத் தோன்றும் 10 பெட்டாவின் 6600. எஃப்9-ஐ அவரையே தட்டச் சொன்னேன். 1000. மறுபடி 1000. இருபது தடவை தட்டியிருப்பார். ஆயிரமும் அவரைத் தொடாமல் போயின. சூரிய நியூட்ரினோவின் ஆற்றல் இதைவிடப் பல கோடி மடங்கு குறைவு, அது மோதும் வாய்ப்பு இன்னும் அரிது.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட ஆய்வுக்கூடம் நியூட்ரினோவை உற்பத்தி செய்யும் இடமும் அல்ல. வானத்தில் இருந்து வருவதைப் பிடிக்க 50,000 டன் இரும்புக் கருவி, மேலே ஒரு கிலோ மீட்டருக்கும் அதிகமான பாறை. அது தேடவிருந்தது நம் ஷீட்டில் உள்ளதைவிட மிகக் குறைந்த ஆற்றல் நியூட்ரினோக்களை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பிறகு வழக்குகள், எதிர்ப்பு, 2022-ல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. ஆய்வுக்கூடம் கட்டப்படவில்லை. 85 டன்னில் ஒரு மாதிரிக் கருவியை மதுரையில் வைத்தார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்து, கணக்குப் போட்டே காட்டிவிட்டேன் என்ற திருப்தியில் நாற்காலியில் சாய்ந்தேன்.

"செரி கண்ணு, அந்தத் துகள் ஒண்ணும் பண்ணாதுங்கறத நம்பறேன். நானே தட்டிப் பாத்துட்டேன். ஆனா வெடி வெச்சு மலையக் குடைஞ்சா பக்கத்துல இருக்கற ஊத்துத் தண்ணி எந்தப் பக்கம் போகும்? அதுக்கு இதுல எந்தச் செல்லு?"

நாற்பது வருடம் பாறையைத் துளைத்தவர் கேட்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் போர் போட்டதும் இந்தத் தோட்டத்துக் கிணறு வற்றியதைக் கண்ணால் பார்த்தவர். என் ஷீட்டில் அதற்கு செல் இல்லை. நியூட்ரினோ பயமும் தண்ணீர்ப் பயமும் வேறு வேறு என்பதையே நான் அன்றுதான் சரியாகப் பிரித்துப் பார்த்தேன். முதலாவதற்கு விடை சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் சேர்த்து "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறேன். நிலத்தடி நீருக்கும் சிமுலேஷன் உண்டு. ஆனால் பாறையின் எந்த வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று அந்த இடத்தில் அளந்து வந்து கொடுத்தால்தான் அதை ஓட்ட முடியும். பிரெம் அட்டவணை அங்கே உதவாது.

"அதுக்குத் தனிக் கணக்குப் போடணுங்க பெரியப்பா" என்றேன். "போடு" என்றார்.

உங்களுக்கு இரண்டு வேலை தருகிறேன். முதலாவது, வட துருவத்தில் நுழைந்து நேராக மையம் வழியாகத் தென்துருவம் போகும் நியூட்ரினோவுக்கு ஏ2-ல் 110000 போட்டு, 100 டெராவில் எத்தனை வருகின்றன என்று பாருங்கள். 160-ஐ ஒட்டி வர வேண்டும். இரண்டாவது, இ காலத்தில் இன்னொரு ராண்ட் போட்டு, மோதியவற்றில் பத்தில் மூன்றை "தொடர்கிறது" என்று தனியாக எண்ணுங்கள். இஃப் ஃபங்ஷனுக்குள் இன்னொரு இஃப் போட வேண்டி வரும். அடைப்புக்குறிகளை எண்ணி மூடுங்கள். லட்சம் வரிசை போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஃபைலை சேவ் செய்துகொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால், ஃபார்முலா மெனுவில் கால்குலேஷனை மேனுவலுக்கு மாற்றிவிட்டு எஃப்9-ஐ நீங்களே தட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்தை டைப் செய்து என்டர் தட்டும்போதும் அது லட்சம் நியூட்ரினோவை அனுப்பிக்கொண்டிருக்கும்.